எங்கள் கிணற்றில் அவர்கள் ஊற்றிய தண்ணீர்

கர்த்தர் எங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். என் குற்றத்தை விட்டுவிட்டு அதைச் சொல்ல என்னால் முடியாது.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றது. எங்கள் கிணற்றில் மட்டும் நீர் இருந்தது. "இது ஆண்டவர் கொடுத்த ஆசீர்வாதம்" என்று சபையில் எழுந்து நின்று சொன்னேன். வீட்டுக்கு வந்து கேட்டைப் பூட்டினேன். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா ஒரு குடம் கேட்டபோது, "எங்களுக்கே பத்தாது" என்றேன்.

அவர் கணவர் காதர் அண்ணன், தாம்பரத்தில் பம்ப் மெக்கானிக். தை மாதமே என்னை எச்சரித்திருந்தார்.

"சார், இப்பவே கெணத்த ஆழப்படுத்திக்குங்க. அப்பால அவசரப்பட்டு டீசல் எஞ்சின உள்ள எறக்கிடாதீங்க. பொகை மேல வராது, ஆளயே கொன்னுடும்."

நான் சிரித்துவிட்டுப் போனேன்.

மே மாதம் எங்கள் கிணற்றிலும் அடி தெரிந்தது. மிச்சமிருந்த நீரை இறைத்துத் தூர் வார நினைத்தேன். வாடகைக்கு டீசல் எஞ்சின் எடுத்து, கிணற்றின் உள்திட்டில் இறக்கினேன். என் மனைவி மேரியின் தம்பி செல்வம் உதவிக்கு வந்திருந்தான். சிறிது நேரம் ஓடிய எஞ்சின் நின்றது. அதைப் பார்க்க அவன் இறங்கினான். பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், திட்டில் சாய்ந்து கிடந்தான்.

மேரி அலறினாள். நான் கயிற்றைப் பிடித்து இறங்கப் போனேன். ஓடி வந்த காதர் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எறங்காதீங்க சார், நீங்களும் பூடுவீங்க! மொதல்ல பொகை கலையணும். தண்ணி ஊத்துங்க, தண்ணி!"

எங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. அப்படியே மண்ணில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவனைக் கைவிடாதேயும்."

கண் திறந்தபோது, லாரியில் பிடித்த தண்ணீர்க் குடங்களோடு பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர் நூர்ஜஹான் அக்கா. அந்த வீட்டுக் குடிநீர் அன்றைக்கு அவ்வளவுதான். அவன்மேல் படாமல் ஓரமாகக் கிணற்றுக்குள் கவிழ்த்தார். பின்னாலேயே மற்றவர்களும் ஊற்றினார்கள். காதர் அண்ணன் வேப்பங்கிளைகளைக் கயிற்றில் கட்டி, வேகமாக ஏற்றி இறக்கிப் புகையைக் கலைத்தார். பிறகு இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, செல்வத்தை மேலே அனுப்பினார்.

மூச்சு இருந்தது. ஸ்தோத்திரம்!

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "அக்கா, அன்னிக்கு ஒரு கொடம் தரலையே நான்..."

"அத்த வுடுங்க. புள்ள எப்டி கீறான்?"

செல்வம் பிழைத்தான். ஆனால் கை நடுக்கம் போகவில்லை. தச்சு வேலையை விட்டான். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

என் ஜெபம் கேட்கப்பட்டது உண்மை. ஆனால் நான் முழங்காலிடும் முன்பே, தை மாதத்திலேயே, கர்த்தர் காதர் அண்ணனை என்னிடம் அனுப்பியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் தெருவே கூடி எல்லாக் கிணறுகளையும் பார்த்துவிடுகிறோம்.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவர் யாரை அனுப்பினாலும் வாசலைத் திறங்கள். உங்கள் வீட்டில் ஒருவன் விழுவதற்கு முன்பே திறங்கள்.