ஏழாவது கூறு

மருமகள் சாளைமீனைத் தட்டில் கொட்டினாள். அந்த வாடையில், கடல் விழுங்கிவிட்ட தனுஷ்கோடிக் கரையின் ஈரமணலில் வரிசையாகக் கிடந்த ஏழு கூறு மீனை எண்ணத் தொடங்கிவிட்டேன். வள்ளத்தில் போனவர்கள் ஆறு பேர்தான். ஏழாவது, காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் சண்டைக்குப் போய்விட்ட, என்னைப் பெற்ற அய்யாவின் பங்கு. "ஏலே, சைகோன் தொரைக்கும் ஒண்ணு வையி" என்று வள்ளத்துக்காரர் தினமும் சிரிப்பார். அது அம்மாவின் கூடைக்கு வரும்.

பிரெஞ்சுக்காரன் சண்டையில் தோற்று, காரைக்காலையும் விட்டுப்போன வருஷத்தில் ஒரு சாயங்காலம் ஆறு கூறுதான் இருந்தது.

"தொரைக்கு எங்கண்ணே?" என்றாள் அம்மா.

"வரவேண்டியவுக எல்லாம் கப்பல்ல வந்துட்டாக, தாயி" என்றார் வள்ளத்துக்காரர், மணலைப் பார்த்தபடி.

அம்மா வெறுங்கூடையோடு நடந்தாள். பிரெஞ்சு சர்க்கார் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. அய்யா செத்ததை எங்களுக்குச் சொன்னது அந்த வெறும் மணல்தான். இப்போது அதுவும் கடலுக்குள் கிடக்கிறது.