ஓரகத்தியின் கூஜா

மூடி திருகும் பித்தளைக் கூஜா ஒன்று என்னிடம் இருக்கிறது. என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, எனக்காகத் தூக்கிவந்த கூஜா அது.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு அந்தப் படபடப்பு வந்தது. தேரடித் தெருவில் கூட்டத்தோடு நடக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். காத்து கருப்பு என்று கயிறு கட்டினார்கள். பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். அந்த நேரத்தில்தான் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் உண்டானாள். ஏழாம் மாதம் நான் போய் வளையல் போட்டு அழைத்துவர வேண்டும். தாய் வராத வளைகாப்பா என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துப்போனாள். வெளியாரிடம் எனக்குப் பேச வராது. நான் கதவோரம் நின்றேன்; அவளே சொன்னாள், அவளே கேட்டுக்கொண்டாள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், இந்தப் பயத்துக்கும் கேட்கும் என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

மாத்திரை போட்ட சில நாளில் படபடப்பு கூடியது. கை நடுங்கியது, நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. இதுதான் என்னைக் கொல்கிறது என்று சாக்கடையில் கொட்டப் போனேன். அக்கா கையைப் பிடித்தாள்.

"கொட்டாதடி. மொதல்ல ஜாஸ்தியாவும், வாய் காயும், அப்புறம்தான் கம்மியாவும்னு அவரு அன்னைக்கே சொன்னாரு."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மாத்திரைக்கு வாயத் தொறந்திருப்பியா, பயந்தாங்கொள்ளி!"

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுபடி டாக்டரிடம் போனோம். இந்த முறை நானே, "ரொம்ப நடுங்குதுங்க" என்றேன். அளவைக் குறைத்து, மெல்ல ஏற்றலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். வாரங்கள் போகப்போக அந்தப் படபடப்பு வருவது குறைந்தது. வந்தாலும், போய்விடும் என்று தெரிந்திருந்தது.

வளைகாப்பன்று பஸ் ஏறினேன். என் வாய் காயுமே என்று அக்கா கூஜா நிறையத் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் என் நெஞ்சு துள்ளியது. அந்த நேரம் பார்த்து அவள் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. முதுகைத் தடவி, கூஜாவைத் திறந்து வாய் கொப்பளிக்கக் கொடுத்தேன்.

"யாருக்கு வைத்தியம் பண்ணோம், யாருக்கு வந்துது பாரு" என்றாள்.

அப்புறம்தான் என் நெஞ்சின் நினைவு வந்தது. அது பாட்டுக்கு ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

பின்னாளில் டாக்டரே மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். இப்போது பஸ்ஸில் எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பாட்டில். மகள் வீட்டுக்குப் போகும்போது நாங்கள் இருவரும் இன்னமும் சேர்ந்துதான் போகிறோம். ஜன்னலோரம் அக்காவுக்கு, கூஜா என் மடியில்.