கடற்பஞ்சில் மருந்து தேடிய அமுதா

திங்கட்கிழமை காலை ஆரணியிலிருந்து முனைவர் அமுதாவின் தம்பி சேகர் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே போயிட்டாங்க. பேனர் அடிக்கணும், அவங்க வேலைய என்னன்னு போடறது?" 'கடற்பஞ்சில் புற்றுநோய் மருந்து தேடியவர்' என்று போடச் சொன்னேன்.

அமுதாவும் நானும் ஒரே ஆய்வகத்தில் பணிபுரிந்தோம். பாம்பன் கரையில் வலையோடு ஏறி வரும் கடற்பஞ்சு என்னும் கடலடி உயிரிகளை, மீனவர்கள் வீசி எறியுமுன் கேட்டு வாங்கிவிடுவார். அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்த சாற்றைப் புற்றுச் செல்களின்மேல் விட்டுப் பார்ப்போம். அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகாது. பேருந்தில் தன் பக்கத்து இருக்கை காலியாகவே வரும் என்று சிரிப்பார்.

ஒருமுறை மஞ்சள் பஞ்சு ஒன்றின் சாறு அந்தச் செல்களைக் கொன்றது. மருந்தே கிடைத்துவிட்டதாகச் செய்தித்தாளில் எழுதிவிட்டார்கள். மருந்து கேட்டு ஆரணி வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அடுத்த சோதனையில் அது நல்ல செல்களையும் கொன்றது. அமுதா விடுப்புப் போட்டு ஊருக்குப் போய், வந்து கேட்டவர்களின் வீடுகளுக்கெல்லாம் நடந்தார். "மருந்து இல்லீங்க. இன்னும் தேடிகினுதான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவமானமாக இல்லையா என்று கேட்டேன். "இருக்குதுதான். அதுக்காக அவங்கள காக்க வெக்க முடியுமா?" என்றார்.

ஆரணியில் இறங்கினேன். தெருமுனையில் பேனர். 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த விஞ்ஞானி.'

"அச்சடிக்கிறவன் இப்படிப் போட்டாத்தான் நல்லா இருக்கும்னு மாத்திட்டான் சார்" என்றார் சேகர். சாவு வீட்டில் இதைப் போய்ப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். அமுதாவோடு வேலை பார்த்தவன் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் என்னையும் கும்பிட்டார்கள். வெட்கமில்லாமல் நானும் கும்பிட்டேன்.

மேளம் சற்று ஓய்ந்தபோது ஒரு பெண் என்னருகே வந்தார். "போளூர்லருந்து வந்தேங்க. வழியில பேனர பாத்தேன். எங்க வூட்டுக்காரருக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில கேன்சர் ஊசி. போட்டா வாந்தியா எடுக்கறாரு. அது வேணாம்னுட்டு உங்க மருந்தயே வாங்கிக்கலாம்னு பாக்கறேங்க."

"அப்படி ஒரு மருந்து இல்லம்மா. அந்த ஊசிதான் மருந்து. நாளைக்குக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க."

"அப்ப எதுக்குங்க அப்படி எழுதி வெச்சிகினு இருக்கீங்க?"

பக்கத்தில் நின்ற சேகர் தெருமுனைக்கு நடந்தார். நானும் போனேன். ஆளுக்கொரு பக்கம் பேனர் கயிற்றை அவிழ்த்தோம்.

அமுதா, உங்களை அந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது அங்கே உங்கள் பெயர்கூட இல்லை. மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள்.