கும்பகோணத்து மழையில் புது ஷூ

நாளை காலை கும்பகோணத்தில் என் முதல் ஓட்டப் பந்தயம். கார்த்திகை மழை குளிரோடு கொட்டுகிறது. ஊரிலிருந்து போட்டுவந்த ஷூ வழுக்குகிறது. கடைத்தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்து, தண்ணீர் புகாத ஷூ ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன். பக்கத்தில் ஷூ பார்க்கும் பெண் வேண்டாமென்று தலையாட்டுகிறார். பாபநாசத்து ஆசிரியை, அவரும் நாளை ஓடுகிறாராம்.

“மேல்வழியா தண்ணி உள்ள போயிட்டா வெளிய வராதுங்க. வலைத்துணி வச்சது எடுங்க. அடியில பிடிப்பு இருக்கான்னு பாருங்க.”

“குளிராதா?”

“ஓடுனா எங்கேருந்துங்க குளிரும்?”

நீல நிறத்தில் ஒன்று காலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வாங்கியதுமே, “வாங்க, ஓடிப் பாத்துடலாம்” என்று மழைக்குள் இழுக்கிறார். தேங்கிய தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு இருவரும் காவிரிப் பக்கம் ஓடுகிறோம். கால் வழுக்கவே இல்லை.

“பாலம் வரைக்கும் போதுங்க!” என்று பின்னாலிருந்து கத்துகிறார். பாலம் வந்தும் எனக்கு நிற்க மனம் வரவில்லை.