நின்றுபோன நீல மாடல்

பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாத பொருளை விற்கிறவன், விற்பதைவிட விளக்குவதில்தான் தொண்டை வறண்டு போவான். நான் மன்னார்குடியில் கெண்டாமா விற்கிறேன். ஜப்பான் விளையாட்டு. மரக் கைப்பிடியில் மூன்று கிண்ணங்கள், நுனியில் ஒரு கூர்முனை, கயிற்றில் தொங்கும் ஓட்டை போட்ட மரப்பந்து. பந்தைத் தூக்கிக் கிண்ணத்தில் ஏந்த வேண்டும், இல்லையென்றால் முனையில் குத்தி நிறுத்த வேண்டும். இந்த மாதிரி எதையாவது கடை போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பக்கம்?

பக்கத்தில் உரக்கடை. சம்பா நடவு சமயத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. நெரிசல் தாங்காமல் ஒரு பெரியவர் என் கடைக்குள் ஒதுங்கினார். கெண்டாமா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையிலிருந்து வந்த முதல் ஆள். ஆர்வமாக எழுந்து ஆடிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, வெத்தலை இடிக்கிறது எந்தப் பக்கத்தால?"

பழசு

ஆரம்பத்தில் எல்லாருக்கும் பளபளவென்று பெயின்ட் அடித்த பந்துதான் வேண்டும். வாங்கி அடுக்கினேன். பிறகு பந்து வழுக்கக் கூடாது, ரப்பர் மாதிரி பிடிக்கிற பெயின்ட் வேண்டும் என்றார்கள். அது வந்து சேர்வதற்குள் கிண்ணம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. இப்போது பெயின்ட்டே வேண்டாம், வெறும் மரம் போதுமாம்.

முன்பெல்லாம் வாரம் தவறாமல் வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, ஒரு பளபளப் பந்தை ஆசையாகக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் உருட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். "நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா வீடியோ போட்டா, இன்னும் இதையா வச்சிருக்கேன்னு கேப்பாங்க."

ஒருத்தர்

எனக்குப் பிடித்தது பீச் என்கிற வெளிநாட்டு மரத்தில் செய்த ஒரு கருநீல மாடல். நான் ஆடுவதும் அதில்தான். அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டதாகத் தகவல் வந்தது. எங்கேயாவது மிச்சம் கிடக்குமா என்று சென்னையில் இறக்குமதி செய்கிறவரிடம் போனில் கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் கூப்பிட்டேன். அவர் எரிச்சல்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சார், எனக்குத் தெரிஞ்சு அந்த மாடலைக் கேக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

சத்தம்

சென்னைக்காரர் சொன்னது தப்பு என்று தை பிறந்ததும் தெரிந்தது. திருவிடைமருதூரிலிருந்து கலைச்செல்வி என்ற நர்ஸ் வந்தார். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரே மாதிரி கருநீல கெண்டாமா வாங்கியிருக்கிறார்கள். கணவருடைய பந்து பிளந்துவிட்டது. லீவில் ஊருக்கு வந்திருக்கும் அவர் நண்பர் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போகும்போது புதுப் பந்து கொடுத்தனுப்ப வேண்டும்.

அதே நீலத்தில் புது மாடல் பந்து ஒன்றைக் காட்டினேன். அது மேப்பிள் மரம். கலைச்செல்வி பையிலிருந்து தன் கெண்டாமாவை எடுத்து, கிண்ணத்தில் அந்தப் பந்தைத் தட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. கலர் சரியாகத்தானே இருக்கிறது என்றேன்.

"கலர் இல்லீங்க, சத்தம் வேற. வீடியோ கால்ல பேசிக்கிட்டே ரெண்டு பேரும் ஆடுவோம். பாதியில படம் நின்னுடும். அந்த டொக்கு டொக்குன்னு கேட்டாத்தான் அவர் லைன்ல இருக்கார்னு எனக்குத் தெரியும்."

என் கெண்டாமாவின் கயிற்றை அவிழ்த்துப் பந்தைக் கழற்றிக் கொடுத்தேன். தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பினார். "அப்ப நீங்க எதை வச்சு ஆடுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை

தஞ்சாவூரில் ஒரு பூங்காவில் ஞாயிறு மாலை கெண்டாமாக்காரர்கள் கூடுவோம். ஒரு கூட்டமே வந்த காலம் உண்டு. ஒருவருக்கு மாற்றல் வந்தது, ஒருவருக்குக் கல்யாணம் ஆயிற்று, சிலருக்கு அலுத்துவிட்டது. அந்த வாரம் மேப்பிள் பந்தைக் கட்டிக்கொண்டு போனேன். யாரும் வரவில்லை. தனியாக ஆடினேன். சத்தம் பழகாததால், பக்கத்தில் வேறு யாரோ ஆடுவது போல இருந்தது. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்து வந்தார். "இன்னிக்கும் யாரும் வரலீங்களா? நான் வேணா கொஞ்ச நேரம் பக்கத்துல நிக்கிறேன் சார்."

மாடல் நின்றுபோனால் கம்பெனிக்காரர்கள் தகவல் அனுப்பிவிடுகிறார்கள்; ஆட்கள் நின்றுபோனதை மட்டும் நாமேதான் பஸ் ஏறிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.