மானிட்டர்ல மட்டும் கேட்ட வாசிப்பு

இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. நெரவியில ஒரு காதுகுத்து, மத்தியானக் கச்சேரி. எங்க மெல்லிசைக் குழுவுல நான் கீபோர்டு.

தலத்தெருவுல எங்க வீட்டுல நான் ஜாஸ் பழகுறதே பெரிய பஞ்சாயத்து. அதுல அடியில கார்டு, அதாவது ரெண்டு மூணு சுரத்தைச் சேர்த்து அமுக்குறது, மாறிக்கிட்டே இருக்கும். அது மாற மாற, மேல அந்த நிமிஷம் தோணுற மெட்டை நாமளே போட்டுக்கிட்டுப் போவணும். ஃபோன்ல ஒரு பாட்டுத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இந்தக் கார்டா அந்தக் கார்டான்னு இடது கையால துழாவுவேன். சுருதி மாத்துற பட்டனை அமுக்கித் தப்பிக்கிற வேலையெல்லாம் இதுல நடக்காது.

"ஆபீஸ் விட்டு வந்தா இதே டொய்ங் டொய்ங்தானா? முழுசா ஒரு பாட்டு வாசிக்க மாட்டீங்களா?"ன்னு என் பொண்டாட்டி கேப்பா. "எதுக்குன்னு மேடையில வாசிக்கும்போது வந்து கேளு"ன்னு நானும் வீம்பா சொல்லிட்டேன். கச்சேரிப் பக்கமே வராதவ, அன்னிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன் வரிசையில வந்து உக்காந்துட்டா.

நடுவுல எங்க குழுவை நடத்துற அண்ணன், அவருதான் பாடகரும், "தொண்டை கட்டுது தம்பி, வெந்நீர் குடிச்சிட்டு வர்றேன், ஏதாவது வாசிச்சு ஓட்டுங்க"ன்னு மேடையை விட்டு இறங்குனாரு. இதுக்குத்தானே காத்திருந்தேன்! தெரிஞ்ச பாட்டுலதான் ஆரம்பிச்சேன். அடியில கார்டை மாத்துனேன், மேல புதுசா ஒரு மெட்டு தானா வந்துச்சு. என் வாழ்நாள்ல அப்படி வாசிச்சதில்ல. எனக்குக் கேக்குறதுக்குன்னு காலடியில வெச்சிருந்த மானிட்டர் ஸ்பீக்கர்ல கணீர்னு கேட்டுச்சு. கைதட்டலும் வந்துச்சு. மனசு நெறைஞ்சு போச்சு.

பந்தியில அவ பக்கத்துல உக்காந்து, "எப்படி இருந்துச்சு?"ன்னேன்.

"எது?"

"நான் தனியா வாசிச்சது."

"எப்ப வாசிச்சீங்க? விரலை ஆட்டுனீங்க, ஸ்பீக்கர் பாக்ஸ்ல ஒண்ணும் வரலியே! மிஷின் ரிப்பேர்னுல்ல நெனச்சேன்."

"கை தட்டுனாங்களே?"

"அது தாய்மாமன் செயின் போட்டதுக்குங்க."

சாப்பாட்டுக் கையோட எழுந்து போனேன். "அண்ணே, என் சத்தத்தை யாரு குறைச்சது?"

"நான்தான் சவுண்டுக்காரங்கிட்ட மிக்ஸர்ல குறைக்கச் சொன்னேன். ஒரே அபஸ்வரம் தம்பி. விசேஷ வீட்டுல தப்பா நெனப்பாங்க."

அபஸ்வரமாம்! பாட்டுக்குப் பாட்டு சுருதியை விட்டுட்டுத் தேடுற மனுஷன் சொல்றாரு!

"எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. மேடையில ஆளு கையைக் கட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

அடப்பாவி! அப்ப நான் என்ன, துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மையா? வாயில வந்ததையெல்லாம் கேட்டுட்டு, இலையைக்கூட மூடாம வண்டியை எடுத்தேன். அவளும் ஓடி வந்து பின்னால ஏறிக்கிட்டா.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாத்தாம, வீட்டுல நான் பழகுற கீபோர்டு மேல கெடந்த துணியை எடுத்தா. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தா. "அங்க வாசிச்சதையே இப்ப வாசிங்க. நான் கேக்குறேன்."

கிண்டலுக்கு இல்ல, நெஜமாத்தான் கேட்டா. கையை வெச்சேன். கார்டு எல்லாம் வரிசையா வந்துச்சு. மேல இருந்த அந்த மெட்டு வரவே இல்ல. எழுதி வெச்ச பாட்டா என்ன, திரும்ப எடுக்க? அந்த நிமிஷத்துல வந்துச்சு, அதோட போயிடுச்சு. பாவி, அதைத்தானே அமுக்கிப் புதைச்சிட்டான்!

இடது கை மட்டும் மாத்தி மாத்தி அழுத்திக்கிட்டே இருந்துச்சு. அவ பொறுமையா பார்த்துக்கிட்டு இருந்தா.

கொஞ்ச நேரம் கழிச்சு, "ம், ஆரம்பிங்க"ன்னா.