அக்காவிடம் மாற்றிப் படித்த சுவரொட்டி

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் நகராட்சித் தேர்தல் சூடு பிடித்திருந்த நேரம். எனக்கு இருபத்திரண்டு வயது. பகலில் தறி, பொழுது சாய்ந்தால் கட்சி வேலை. எதுகை மோனையோடு கோஷம் எழுதுவேன் என்பதால் எனக்குக் கொஞ்சம் மவுசு. தலைக்கனத்துக்கும் குறைவில்லை.

எங்கள் வார்டில் எதிர்த்து நின்றவர் ஒரு விதவை. மேடையில் பெண்ணுரிமை பேசுகிற கட்சிதான் எங்களுடையது. ஆனால் கொச்சையாகப் பேசினால்தான் கைதட்டல் விழும் காலம் அது. நான் எழுதினேன்:

“பொட்டிழந்த அறுதலிக்கா
ஓட்டுப் போடப் போறீங்க?”

நண்பர்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை.

சுவரொட்டிகளை எங்கள் வீட்டில்தான் எழுதினோம். பசை காய்ச்சிக் கொடுத்தது என் அக்கா. கல்யாணமான மறுவருஷமே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். எழுதப் படிக்கத் தெரியாது. என் நண்பர்கள் வந்தால் காப்பி கொடுப்பாள், கேலி பேசுவாள், சரிக்குச் சரி சிரிப்பாள். அவள் சிரித்துப் பார்த்ததே அந்த நேரத்தில்தான்.

அன்று ஈரம் காயாத தாளைக் காட்டி, “இன்னாபா எழுதியிருக்கே? படிச்சுக் காட்டேன்” என்றாள். வீட்டுக்கு வீடு குழாய் வரும், தெருவுக்குத் தெரு விளக்கு எரியும், சாக்கடை கட்டுவோம் என்று வாய்க்கு வந்ததை அடுக்கினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஊர்வலம். எங்கள் தெருவைச் சீக்கிரம் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றி எடுக்கும்வரை நகர முடியாது. சரியாக எங்கள் வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றது. கோஷம் நிற்கவில்லை. என்னைப் பார்ப்பதற்காக வெளியே வந்த அக்கா, அந்த இரண்டு வரியையும் இருபது தடவையாவது கேட்டிருப்பாள். ஒருவன் மட்டும் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். திட்டவில்லை.

“நேத்தே நெனச்சேன்பா. ரெண்டு வரிதான் எழுதியிருந்துது, நீ படிச்சுக்கினே இருந்தே.”

“உன்னைச் சொல்லலக்கா” என்றேன்.

“தெரியும்பா. ஆனா உன் சிநேகிதங்க இனிமே என் நெத்தியத்தானே பார்ப்பாங்க?”



தேர்தலில் ஜெயித்தோம். நண்பர்கள் மாலையோடு வீட்டுக்கு வந்தார்கள். காப்பியை அம்மா கொண்டு வந்தாள். கெஞ்சிக் கூப்பிட்டும் அக்கா வரவில்லை. “வேல இருக்குதுபா” என்று அடுக்களையிலேயே இருந்துவிட்டாள். அதன்பிறகு நான் எந்தக் கோஷமும் எழுதவில்லை. எழுதாததால் அவளுக்கு என்ன மாறிவிட்டது?

இன்றைக்கு ‘அறுதலி’ என்ற அந்தச் சொல்லை மேடையில் சொன்னால் மன்னிப்புக் கேட்க வைத்துவிடுகிறார்கள். ‘ஒரு வார்த்தைக்குப் போய் இத்தனை ரகளையா?’ என்று என் வயதுக்காரர்கள் அலுத்துக்கொள்ளும்போது நான் சேர்ந்துகொள்வதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் அக்கா, சாகும்வரை, நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வரவேயில்லை.